பேஸ் கிட்டாரில் பழைய வீடியோ கேம் ஃபஸ்: குமிழைத் திருகும் முன் கையைப் பாருங்கள்

ஒலியைக் கிழித்துப் பழைய வீடியோ கேம் பெட்டி போலக் கத்தவைக்கும் ஃபஸ் பெடலைப் பேஸில் போட்டவுடன் வரும் புகார்கள் எப்போதும் இந்த மூன்றுதான். அடி, அதாவது கீழ்ச்சுருதியின் கனம், காணாமல் போகிறது. நோட் பாதியிலேயே பொட்டென்று அறுகிறது. ஒன்றை வாசித்தால் இன்னொன்று துள்ளிக் குதிக்கிறது. மூன்றும் உண்மை. ஆனால் மூன்றுக்குமான வைத்தியத்தைப் பெடலின் குமிழ்களில் தேடுவதுதான் தவறு. ஒலியை லேசாகக் கரகரக்கவைக்கும் சாதாரண ஓவர்டிரைவ் பெடல் எதைக் கொடுத்தாலும் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். இந்த வகைப் பெடலுக்குத் தெரிந்தது "இருக்கிறது", "இல்லை" என்ற இரண்டே சொல். எப்போது எதைச் சொல்வது என்பதை உங்கள் விரலும், கம்பியின் அசைவைச் சிக்னலாக்கும் பிக்கப்பும் முடிவு செய்கின்றன.

முதலில், நாம் தேடும் ஒலி எது என்று பார்த்துவிடலாம். 1983இல் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் பெட்டியில், ரிக்கோ தயாரித்த சிப்புக்குள் ஐந்து ஒலித்தடங்கள் இருந்தன: இரண்டு பல்ஸ், ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், ஒரு சாம்பிள் (பதிவு செய்த ஒலி). பல்ஸ் தடத்தில் அலைக்கு மேல், கீழ் என இரண்டே நிலை. ஒரு சுற்றில் எவ்வளவு நேரம் மேலே நிற்க வேண்டும் என்பதை 12.5, 25, 50, 75 சதவீதம் என்ற நான்கு அளவுகளில் தேர்ந்தெடுக்கலாம். 50 என்றால் சுத்தமான சதுர அலை. அதில் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள், அதாவது அடி அலைவரிசையின் ஒற்றைப்படை மடங்குகள், மட்டுமே. மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு பலத்தோடும், ஐந்தாவது ஐந்தில் ஒரு பங்கு பலத்தோடும் வரும். குழலுக்குள் ஊதியது போன்ற ஒலி. 25இல் இரட்டைப்படையும் கலந்துகொள்ளும், நான்கின் மடங்குகள் மட்டும் வராது; மூக்கால் பாடுவது போலிருக்கும். 75ஐக் காது 25இலிருந்து பிரித்தறியாது. 12.5 மெல்லியது, ஊசி போலக் குத்தும்.

பேஸ் வாசிப்பவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி அடுத்ததுதான். அந்தக் கேம்களில் பேஸ் வரியைப் பெரும்பாலும் சுமந்தது முக்கோணத் தடம். அதன் ஹார்மோனிக்குகளும் ஒற்றைப்படைதான், ஆனால் ஒன்பதில் ஒன்று, இருபத்தைந்தில் ஒன்று என மளமளவென்று தேய்ந்துவிடும். 16 மட்டங்களில் படிப்படியாக ஏறி இறங்குவதால் மேலே லேசான சுரசுரப்பு உண்டு. ஒலியளவுக் கட்டுப்பாடே கிடையாது, வாசித்தால் முழுசாக, இல்லையென்றால் மௌனம். ஆக, நம் காதில் தங்கிய "கேம் பேஸ்" உண்மையில் மென்மையானது. முரட்டுத்தனம் மெலடியுடையது. பேஸில் ஃபஸ் போடும்போது மெலடியின் குரலைப் பேஸின் தலையில் ஏற்றுகிறோம். இதை மனதில் வைத்தால் அமைப்பு தானாகப் பிடிபடும்: கீழே டோன் குறைத்த சுத்தமான பேஸ் முக்கோணத்தின் வேலையைச் செய்யட்டும், அதற்கு மேலே ஃபஸ் பல்ஸின் வேலையைச் செய்யட்டும்.

பெடல் பெட்டியின் மேல் "8 பிட்" என்று எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்த 8 பிட் ப்ராசசரைக் குறித்த எண். பல்ஸ் தடத்தின் ஒலியளவு 4 பிட், அதாவது 16 படி.

ஃபஸ்ஸுக்கும் பேஸுக்கும் ஒத்துவராது என்று சொல்பவர்களுக்கு ஒன்று: ஃபஸ் பிறந்ததே பேஸ் ஒன்றின் வயிற்றில்தான். 1960களின் தொடக்கத்தில் நாஷ்வில் ஸ்டூடியோ ஒன்றில் மிக்சரின் ஒரு சேனல் பழுதாகி, ஆறு கம்பி பேஸின் ஒலியைக் கிழித்துக் கொடுத்தது. அங்கிருந்த பொறியாளர் க்ளென் ஸ்னாடி அதைச் சர்க்யூட்டாக்க, 1962இல் மேஸ்ட்ரோ எஃப்இசட்1 கடைக்கு வந்தது. கிப்சன் நிறுவனம் ஈபி0எஃப் என்ற பேஸுக்குள்ளேயே ஃபஸ் சர்க்யூட்டை வைத்தும் விற்றது.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

கேம் ஒலி தருவதாகச் சொல்லும் பெடல்கள் பெரும்பாலும் மூன்று குடும்பம். ஒன்று, லாஜிக் சிப் வைத்தவை: சிக்னல் ஒரு எல்லையைத் தாண்டினால் 9 வோல்ட், தாண்டாவிட்டால் பூஜ்யம். அப்படிக் கிடைத்த சதுர அலையை எண்ணி, இரண்டால் வகுத்து ஆக்டேவ் தருபவையும் இந்தக் குடும்பமே. எர்த்க்வேக்கர் டிவைசஸின் பிட் கமாண்டர் இந்த வழியில் வருவது. அதே நிறுவனத்தின் டேட்டா கரப்டர் பிஎல்எல் (உள்ளே வரும் சுருதியைத் துரத்திப் பிடிக்கும் சர்க்யூட்) வைத்து இன்னும் விபரீதமாகப் போகும். இரண்டாவது, பயாஸைப் (ட்ரான்சிஸ்டரை வேலை நிலையில் நிறுத்தும் வோல்ட்டேஜை) பட்டினி போட்ட ட்ரான்சிஸ்டர் ஃபஸ். நோட் தேயும்போது பொரிந்து அறுந்துவிடும். மூன்றாவது டிஜிட்டல் பிட் க்ரஷர். அதன் குணமே வேறு, பின்னால் பார்க்கலாம்.

முதல் சோதனைக்கு வேறு எந்தப் பெடலும் வேண்டாம். பேஸ், பெடல், ஆம்ப். பேஸில் கழுத்துப் பக்கப் பிக்கப் மட்டும், வால்யூம் முழுசு, டோன் பூஜ்யம். பெடலில் கெயின் அடியோடு கீழே, பயாஸ் அல்லது கேட் (நோட் எங்கே அறும் என்பதை வைக்கும் குமிழ்) நடுவில், ஆக்டேவ் இருந்தால் அணைத்துவிடுங்கள். அவுட்புட்டைக் கால் பங்குக்கு மேல் வைக்காதீர்கள். ஆம்பில் ஹார்ன் ட்வீட்டர் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். இனி டி கம்பியில் ஏழாவது ஃப்ரெட்: 110 ஹெர்ட்ஸ் ஏ. ஒரே ஒரு நோட்டை மீட்டிவிட்டுக் கையை எடுக்காமல் கேளுங்கள். கெயினைச் சிறுகச் சிறுக ஏற்றி, நோட் மூன்று நான்கு நொடி நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஏற்றினால் நோட் நீளாது. அறையின் மின் இரைச்சலும் விரல் உரசலும்தான் எல்லையைத் தாண்டத் தொடங்கும்.

அந்த ஒரே நோட்டைக் கிட்டத்தில் வைத்துக் கேளுங்கள். விரல் கம்பியை விட்ட மறுகணம் ஒரு "ட்ரக்" வரும். கம்பி அப்போது கொஞ்சம் கூடுதல் சுருதியில் இருக்கும், மேல் ஹார்மோனிக்குகள் நிறைய இருக்கும். பெடல் எதை எண்ணுவது என்று தெரியாமல் நாலைந்து தவறான பல்ஸைத் துப்புகிறது. பிறகு அலை தணிந்து ஒரே சீரான சதுரமாகும். இதில் ஏற்ற இறக்கமே இருக்காது. மெதுவாக மீட்டினாலும் ஓங்கி மீட்டினாலும் ஒரே உயரம், நீளம் மட்டும்தான் மாறும். கடைசியில் கம்பியின் அசைவு எல்லைக்கு அருகே வரும்போது சில சுற்றுகள் தாண்டும், சில தாண்டாது. "ட்ர்ர்ர்" என்று பொரிந்து, சட்டென்று மௌனம். இந்த வால் பழுதல்ல. இதற்காகத்தான் இந்தப் பெடல்.

பயாஸைக் கொஞ்சம் ஒரு பக்கம் தள்ளி அதே நோட்டைத் திரும்ப வாசியுங்கள். இப்போது பல்ஸ் 50 சதவீதத்தில் நில்லாமல் ஒடுங்கும். அதுமட்டுமல்ல, நோட் தேயத் தேய இன்னும் ஒடுங்கிக்கொண்டே போகும். ஏனென்றால் எல்லை அலையின் நடுவில் இல்லாமல் உச்சியருகே இருக்கிறது. அலை சிறுத்தால் எல்லைக்கு மேல் தலைநீட்டும் பகுதியும் சிறுக்கிறது. காதில் அது குரல் மெல்ல மெல்ல மூக்குக்கு ஏறுவது போல விழும். கேம் சிப்புகள் நான்கு படிகளில் செய்ததை இங்கே கம்பி தன் மூச்சு அடங்கும் வேகத்தில் செய்கிறது. இந்தப் பெடல்களில் இதைவிட அழகான சங்கதி எதுவும் இல்லை என்பது என் எண்ணம்.

நோட் ஏன் துள்ளுகிறது

இ கம்பியைத் திறந்து மீட்டினால் அடி அலைவரிசை 41 ஹெர்ட்ஸ். ஆனால் பிக்கப் கொடுக்கும் சிக்னலில் பல நேரம் 82 ஹெர்ட்ஸ் ஹார்மோனிக் அதைவிடப் பலமாக இருக்கும், பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பில் நிச்சயமாக. அப்போது அலை ஒரு சுற்றில் ஒருமுறைக்குப் பதில் இரண்டு, மூன்று முறை நடுக்கோட்டை மேல்நோக்கிக் கடக்கும். பெடல் ஒவ்வொன்றையும் ஒரு பல்ஸாக எண்ணும். ஹார்மோனிக்கின் பலம் நோட் தேயும்போது மாறிக்கொண்டே இருப்பதால், ஒரு கணம் மேல் ஆக்டேவ், அடுத்த கணம் கீழ் என்று துள்ளுகிறது.

இதற்கு விரலிலிருந்து தொடங்குங்கள். கம்பியின் சரிபாதியில் மீட்டினால் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் எழவே எழாது, ஏனென்றால் அவற்றுக்கு அங்கே அசைவில்லாப் புள்ளி. திறந்த கம்பிக்கு அந்த இடம் 12ஆவது ஃப்ரெட். ஐந்தாவது ஃப்ரெட்டை அழுத்தியிருந்தால் 17ஆவது. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டாலும் ஃபிங்கர்போர்டு முடியும் இடத்தில் மீட்டினாலே பாதித் துள்ளல் அடங்கும். விரலின் சதைப் பகுதியால் மீட்டுங்கள். பிக் வைத்து அடித்தால் தொடக்கத்து "ட்ரக்" நீளும். புதிய ரவுண்ட்வவுண்ட் கம்பிகளைவிடப் பழைய ஃப்ளாட்வவுண்ட் இந்தப் பெடலுக்கு மிகவும் பொருந்தும். மந்தமான கம்பி என்று நாம் ஒதுக்குவதையே இது விரும்புகிறது.

மற்றக் கம்பிகள் ஒத்ததிர்வில் முனகாமல் அடக்குவது அடுத்தது. சுத்தமான ஒலியில் கேட்காத முனகல்கூட இங்கே எல்லையைக் குழப்பும். பிரிட்ஜுக்கு முன்னால் கம்பிகளுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள ஸ்பாஞ்ச் துண்டைச் செருகினால் முனகலும் அடங்கும், மேல் ஹார்மோனிக்கும் குறையும். நோட்டின் நீளம் போகும் என்பது அதற்கான விலை.

இவ்வளவுக்குப் பிறகும் துள்ளினால் மட்டும் பெடலுக்கு முன்னால் கம்ப்ரெசர் போடுங்கள். 4:1 விகிதம், அட்டாக் 5 முதல் 10 மில்லி விநாடி, ரிலீஸ் 100 மில்லி விநாடிக்குக் குறையாமல். இ கம்பியின் ஒரு சுற்றே 24 மில்லி விநாடி எடுக்கும். ரிலீஸ் அதற்கு அருகே வந்தால் கம்ப்ரெசர் நோட்டின் ஒலியளவைப் பின்தொடராமல் அலையின் வளைவையே பின்தொடர்ந்து உருவத்தைக் கெடுக்கும். மேக்கப் கெயினை ஏற்றும்போது இரைச்சலும் சேர்ந்து ஏறுவதை மறந்துவிட வேண்டாம். ஈக்யூ பெடல் இருந்தால் அதையும் ஃபஸ்ஸுக்கு முன்னால் வைத்து 400 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டலாம். ஃபஸ்ஸுக்குள் போகும் ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவது போல மந்தமாக இருந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். பிரகாசத்தைப் பெடல் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

இரண்டு நோட்டைச் சேர்த்து வாசிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: வேண்டாம். 55 ஹெர்ட்ஸ் ஏயும் 82.5 ஹெர்ட்ஸ் இயும் சேர்ந்தால் அவற்றின் வித்தியாசமான 27.5 ஹெர்ட்ஸும் உள்ளே நுழையும். வகுத்து எண்ணும் பெடல் அதை உறுமலாக்கிவிடும். உறுமல்தான் வேண்டுமென்றால் அது வேறு விஷயம்.

ஆக்டேவ் கீழே போகும் வசதியை இ கம்பியின் முதல் ஐந்து ஃப்ரெட்டில் பயன்படுத்தாதீர்கள். திறந்த இயின் பாதி 20 ஹெர்ட்ஸ் சொச்சம். ஸ்பீக்கர் கோன் முன்னும் பின்னும் ஆடும், காதுக்கு டிக் டிக் என்ற விளிம்புச் சத்தம் மட்டும் வரும். ஏ கம்பியின் ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் அதே வசதி அருமையாக நிற்கும்.

அடியை மீட்டெடுப்பது

அடி காணாமல் போவதற்கு ஒரே நேர்மையான தீர்வு சுத்தமான சிக்னலைக் கலப்பது. பெடலிலேயே ப்ளெண்ட் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ப்ளெண்ட் லூப் பெடல் ஒன்றில் ஃபஸ்ஸை வைக்கலாம். முடிந்தால் இரண்டு பாதைகளையும் பிரித்து வைப்பதே மேல்: சுத்தப் பாதையில் 150 முதல் 200 ஹெர்ட்ஸுக்கு மேல் சரிய விடுங்கள், ஃபஸ் பாதையில் 200 முதல் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டுங்கள். மேலே சொன்ன முக்கோணமும் பல்ஸும் இதுவே. ஃபஸ் பாதையைத் தனியாகக் கேட்டால் கொசு போல ஒல்லியாகத் தோன்றும். தோன்றட்டும். டிரம்ஸோடு சேர்ந்து கேட்கும் வரை அதன் அளவைத் தொடாதீர்கள். தனியாகக் கேட்டு நிறைவாக வைத்த ஃபஸ் கூட்டத்தில் எல்லாரையும் மூடிவிடும்.

கலந்தபின் அடி கூடுவதற்குப் பதில் குறைந்தால் ஃபேஸ் (அலை ஏறி இறங்கும் திசை) தலைகீழாக இருக்கிறது என்று பொருள். ப்ளெண்டைச் சரிபாதியில் வைத்து ஏ கம்பியின் கீழ் நோட்டுகளை வாசித்துப் பாருங்கள். இரு ஓரங்களிலும் தடித்திருந்து நடுவில் மட்டும் ஒல்லியானால் சந்தேகமே வேண்டாம். ப்ளெண்ட் பெடலில் ஃபேஸ் ஸ்விட்ச் இருந்தால் தட்டினால் போதும். டிஜிட்டல் பெடலில் சிக்கல் வேறு. உள்ளே போய் வெளியே வர 2 மில்லி விநாடி தாமதமானாலும், அதைச் சுத்த சிக்னலோடு கலந்தால் 250 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம், 750இல் ஒன்று, 1,250இல் ஒன்று என்று சீப்புப் பல் போல வெட்டுகள் விழும். ஃபேஸ் ஸ்விட்ச் இதைச் சரிசெய்யாது, பள்ளங்களை இடம் மாற்றும் அவ்வளவுதான். பெடலின் உள்ளேயே ப்ளெண்ட் இருந்து, சுத்த சிக்னலும் அதே தாமதத்தோடு வருமானால் தப்பித்தீர்கள்.

ஆம்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரே உச்ச உயரத்தில் சதுர அலை, சைன் அலையைப் போல இரு மடங்கு சக்தியை ஸ்பீக்கருக்குள் தள்ளும். மேலும் மீட்டலின் உச்சிக்கும் தேய்வுக்கும் இடையே ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் ஓய்வும் இங்கே இல்லை. காதுக்குச் சத்தம் அதிகமில்லை என்று தோன்றும்போதே வாய்ஸ் காயில் சூடேறிக்கொண்டிருக்கலாம். வழக்கமான வால்யூமில் கொஞ்சம் குறைத்தே தொடங்குங்கள். ட்வீட்டரை முழுக்கத் திறந்து வைத்தால் கேம் ஒலி வராது, வெறும் சீறல்தான் வரும். அந்தக் காலத்து ஒலி சின்ன டிவி ஸ்பீக்கர் வழியாக வந்தது. ஃபஸ்ஸுக்குப் பின்னால் 5 கிலோஹெர்ட்ஸ் அருகே மேலே வெட்டினால் அந்த உருவம் உடனே தெரியும்.

பிட் க்ரஷர் வேறு ஜாதி

டிஜிட்டல் பெடலில் இரண்டு குமிழ் முக்கியம்: பிட், சாம்பிள் ரேட். ஒவ்வொரு பிட்டுக்கும் சுமார் 6 டெசிபல். 4 பிட் என்றால் 16 மட்டம். நோட் 18 டெசிபல் தேய்ந்ததும் மிஞ்சுவது இரண்டே மட்டம். அதாவது தொடக்கத்தில் ஓரளவு பேஸாக இருப்பது தேயத் தேயச் சதுர அலையாகி, கடைசியில் காணாமல் போகும். ஃபஸ்ஸில் நடப்பதற்கு நேர் எதிர்: அங்கே தொடக்கம் முரடு, இங்கே முடிவு முரடு. நடுவில் வைத்துக்கொள்ள விரும்பினால் முன்னால் கம்ப்ரெசர் கட்டாயம்.

சாம்பிள் ரேட்டைக் குறைப்பது இன்னும் ஆபத்தான பொம்மை. 6,000 ஹெர்ட்ஸில் வைத்தால் 3,000க்கு மேலுள்ள எதுவும் மடங்கிக் கீழே விழும். 3,500 இருப்பது 2,500 ஆகும், 4,000 இருப்பது 2,000 ஆகும். அப்படி விழுபவை நீங்கள் வாசிக்கும் நோட்டுக்கு எந்த உறவும் இல்லாதவை. அதனால் நோட்டை மேலே நகர்த்தும்போது இந்தப் பேய்க்குரல்கள் கீழே நகரும். பேஸில் டோனை மூடினால் அவை அடங்கும், திறந்தால் ஆடும். டோன் குமிழையே விளைவுக் குமிழாகப் பயன்படுத்தலாம் என்பது இந்தப் பெடலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

நீங்களே செய்து பார்க்க

லாஜிக் சிப் ஃபஸ் செய்வது ப்ரெட்போர்டில் ஒரு மாலை வேலை. சிக்னலைப் பெருக்கும் டிஎல்072 ஒன்று, லாஜிக் சிப்பான சிடி40106 ஒன்று, 9 வோல்ட் பேட்டரி. இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் 4.5 வோல்ட்டை உண்டாக்கி 47 மைக்ரோ ஃபாரடால் நிலைப்படுத்துங்கள். பேஸ் சிக்னல் 100 நானோ ஃபாரட் வழியாக டிஎல்072இன் ப்ளஸ் உள்ளீட்டுக்கு. அங்கிருந்து 1 மெகா ஓம் 4.5 வோல்ட்டுக்கு. ஃபீட்பேக்கில் 100 கிலோ ஓம் பாட் (கெயின் குமிழ்), மைனஸ் உள்ளீட்டிலிருந்து 1 கிலோ ஓமும் 10 மைக்ரோ ஃபாரடும் தொடராகக் கிரவுண்டுக்கு. பெருக்கம் 1 முதல் 101 வரை. பாட்டுக்குக் குறுக்கே 4.7 நானோ ஃபாரட் வைத்தால் முழுக் கெயினில் சுமார் 340 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியும். துள்ளலுக்கு மருந்து சர்க்யூட்டிலேயே வந்துவிடுகிறது. டிஎல்072இன் மறுபாதி சும்மா கிடக்கும்: அதன் ப்ளஸ் உள்ளீட்டை 4.5 வோல்ட்டோடும், மைனஸை அதன் வெளியீட்டோடும் இணைத்துவிடுங்கள்.

டிஎல்072இன் வெளியீடு 1 மைக்ரோ ஃபாரட் வழியாக 40106இன் 1ஆம் காலுக்கு. அதே காலுக்கு 100 கிலோ ஓம் வழியாக ஒரு 100 கிலோ ஓம் ட்ரிம்மரின் நடுமுனை; ட்ரிம்மரின் ஓரங்கள் 9 வோல்ட்டும் கிரவுண்டும். பயாஸ் இதுதான், வெளியே குமிழாகவே வைத்துக்கொள்ளலாம். 2ஆம் காலை 3ஆம் காலோடு இணைத்து, வெளியீட்டை 4ஆம் காலில் எடுங்கள். ஏன் இரண்டு லாஜிக் கேட்? ஒரு கேட் ஃபேஸைத் தலைகீழாக்கும், இரண்டாவது நேராக்கும். சுத்த சிக்னலோடு கலக்கும்போது அடி நிற்கும். 4ஆம் காலிலிருந்து 100 நானோ ஃபாரட், 100 கிலோ ஓம், பிறகு 10 கிலோ ஓம் வால்யூம் பாட். 9 வோல்ட் உயர அலை இதில் சுமார் 0.8 வோல்ட்டாக இறங்கும். பாட்டின் ஓரங்களுக்குக் குறுக்கே 3.3 நானோ ஃபாரட் வைத்தால் 5 கிலோஹெர்ட்ஸ் அருகே சீறல் தணியும். 14ஆம் கால் 9 வோல்ட், 7ஆம் கால் கிரவுண்ட், இரண்டுக்கும் நடுவே சிப்பை ஒட்டி 100 நானோ ஃபாரட்.

5, 9, 11, 13ஆம் கால்கள் பயன்படாத உள்ளீடுகள். இவற்றைக் கிரவுண்டில் கட்ட மறப்பதுதான் இந்தச் சர்க்யூட்டில் அடிக்கடி நடக்கும் தவறு. அந்தரத்தில் விட்டால் தானாக ஆடி, மின்சாரத்தையும் தின்று, பின்னணியில் சிணுங்கிக்கொண்டே இருக்கும். 40106 கிடைக்கவில்லை என்று 74எச்சி14 போடாதீர்கள். உள்ளே அதே வேலை, ஆனால் தாங்குவது 6 வோல்ட் வரைதான். 9 வோல்ட்டில் கருகும்.

40106இன் இரு எல்லைகளுக்கும் (ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று) நடுவே இருக்கும் இடைவெளி 9 வோல்ட்டில் ஏறக்குறைய 2 வோல்ட். சிப்புக்குச் சிப்பு மாறும், அதனால்தான் ட்ரிம்மர். கெயின் 100 மடங்கில் இருந்தால் பேஸிலிருந்து வரும் அலை, உச்சிக்கு உச்சி 20 மில்லிவோல்ட்டுக்குக் கீழே தேய்ந்ததும் நோட் அறும். இந்தக் கணக்கு இன்னொன்றையும் விளக்குகிறது: சிங்கிள் காயில் பிக்கப் எடுக்கும் மின்சார ஹம் 20 மில்லிவோல்ட்டைத் தொட்டால் பெடல் அதையும் ஒரு நோட்டாக வாசிக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் அது ஜிக்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவே விழும், 60 ஹெர்ட்ஸில் பி ஃப்ளாட்டுக்கும் பிக்கும் நடுவே. வாசிக்காதபோது ஒரு சுருதி விடாமல் ஒலிக்கிறதே என்று பெடலைச் சந்தேகிக்கும் முன் பேஸின் வால்யூமை மூடிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி பிக்கப். ஜாஸ் பேஸ் போல எதிரெதிர் சுற்றுள்ள இரண்டு பிக்கப் என்றால் இரண்டு வால்யூமையும் சமமாக வைத்தால் ஹம் விழும்.

வால்யூமை மூடியும் கீச்சென்று கத்தினால் வயர் அமைப்பில் கோளாறு. இரண்டு கேட் வைத்ததால் வெளியீடு உள்ளீட்டோடு ஒரே ஃபேஸில் இருக்கிறது. இரண்டு வயரும் பக்கத்தில் ஓடினால், 100 மடங்கு பெருக்கத்தில் சர்க்யூட் தன்னைத்தானே கேட்டுக் கத்தும். உள்ளீட்டு வயரை ஷீல்டு கேபிளாக்கி, வெளியீட்டை எதிர்ப்பக்கம் கொண்டுபோங்கள். சத்தமே வரவில்லையென்றால் முதலில் ட்ரிம்மர்: 1ஆம் காலில் மீட்டர் வைத்துப் பார்த்தால் பாதி வோல்ட்டேஜ் அருகே காட்ட வேண்டும்.

கீழ் ஆக்டேவ் வேண்டுமென்றால் இரண்டால் வகுக்கும் சிப்பான சிடி4013 ஒன்று. 40106இன் 4ஆம் கால் இதன் 3ஆம் காலுக்கு. 2ஆம் காலையும் 5ஆம் காலையும் ஒன்றாக இணையுங்கள். 4, 6ஆம் கால்கள் கிரவுண்டுக்கு. வெளியீடு 1ஆம் காலில். மறுபாதியின் 8, 9, 10, 11 எல்லாம் கிரவுண்டுக்கு.

இந்த வகைப் பெடலை மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரில் மாலை போலக் கோத்தால், சதுர அலையின் விளிம்புகள் மின்வழியாகவே அடுத்த பெடலுக்குள் ஏறும். ஃபஸ்ஸை அணைத்திருக்கும்போதும் சுத்த ஒலிக்குப் பின்னால் டிக் டிக் கேட்பது இதனால்தான். தனித்தனி வெளியீடு உள்ள பவர் சப்ளை, அல்லது இதற்கு மட்டும் பேட்டரி.

வாசிப்பில்

இடைவெளி நோட்டைப் போலவே முக்கியம். இந்தப் பெடலில் தேய்வு கிடையாது என்பதால் நோட்டை எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் ரிதம்; இடக்கை விரலை லேசாகத் தூக்கி வெட்டிப் பழகுங்கள். ஒரே தடத்தில் கார்டு காட்ட வேண்டிய இடத்தில் கேம் இசையமைப்பாளர்கள் கார்டின் நோட்டுகளைத் திரையின் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது நொடிக்கு 60 முறை வரை, மாற்றி மாற்றி ஓட்டினார்கள். கையால் அந்த வேகம் முடியாது. 140 பிபிஎம்மில் பதினாறாம் நோட்டுகள் என்றால் நோட்டுக்கு 107 மில்லி விநாடி. ஜி, டி கம்பிகளில் 9ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் ரூட், மூன்றாவது, ஐந்தாவது என்று சுழற்றினால் அந்தச் சாயல் வந்துவிடும். மீட்டுவதைவிட ஹாமர் ஆன் செய்வது தெளிவாக நிற்கும், ஏனென்றால் தொடக்கத்து "ட்ரக்" அதில் மிகக் குறைவு.

ஃபில்டரை ஃபஸ்ஸுக்குப் பின்னால் வையுங்கள். 1982இல் வந்த கொமடோர் 64இன் சிட் சிப்பில் இருந்த வரிசையும் அதுவே: முதலில் அலை, பிறகு ஃபில்டர். மீட்டலின் பலத்துக்கேற்பத் திறந்து மூடும் என்வலப் ஃபில்டர் மட்டும் இங்கே ஏமாற்றும். சதுர அலைக்கு ஏற்ற இறக்கம் இல்லாததால் அது திறந்தபடியே நிற்கும். வெளி ட்ரிகர் உள்ளீடு இருந்தால் சுத்த பேஸிலிருந்து கொடுங்கள்; இல்லாவிட்டால் காலால் இயக்கும் வா பெடல் போதும்.

ரெக்கார்டிங்கில் சுத்த டிஐ (பேஸிலிருந்து நேராக எடுத்த சிக்னல்) ஒரு ட்ராக், ஃபஸ் ஒரு ட்ராக் என்று ஒரே நேரத்தில் எடுங்கள். பின்னர் டிஐயை மறுபடி பெடலுக்குள் அனுப்ப நினைத்தால் ரீஆம்ப் பெட்டி வழியாக, பேஸ் கொடுக்கும் அளவுக்கு இறக்கி அனுப்புங்கள். இன்டர்ஃபேஸின் லைன் அவுட்டை நேராகச் செருகினால் எல்லை எப்போதும் தாண்டியே இருக்கும், வால் பொரியாது, கேட் மூடாது. இரண்டு ட்ராக்கையும் பெரிதாக்கிப் பார்த்து, அலை சீரான இடத்தில் ஃபஸ்ஸின் ஏறும் விளிம்பும் டிஐயின் ஏறும் வளைவும் ஒன்றின்மேல் ஒன்று வருமாறு நகர்த்துங்கள். நோட்டின் முதல் 50 மில்லி விநாடியை வைத்து மட்டும் பொருத்தாதீர்கள், அங்கே பெடல் இன்னும் எண்ணப் பழகிக்கொண்டிருக்கும்.